பச்சை நிறத்தைக் கூட்ட முடியாது

கணக்கும் கணினியும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எக்செல் தாளில் கிடக்கிற வியாபாரக் கணக்கை, ஆளுக்கொரு செல்போனில் பதியக்கூடிய இணையச் செயலியாக மாற்றுவது எப்படி? சம்பா வரவு முடிந்து, கணக்கு இடித்த கையோடு எழுதியிருக்கிறீர்கள் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாபநாசத்தில் அரிசி ஆலைச் சிட்டை எழுதித் தொழில் பழகியவள் நான். அந்த எரிச்சல் எனக்குப் புதிதல்ல.

மேடம், எங்கள் ஆலையில் நெல் வரவு, ஈரப்பதம், எடை, பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது. தரகர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். எடைமேடையில் ஒருவரும் அலுவலகத்தில் இருவரும் பதிகிறார்கள். வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்பிக்கொள்வதால் எது கடைசிப் பிரதி என்றே தெரியவில்லை. கோப்பை அப்படியே ஏற்றினால் செயலியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? மாதிரிக்குச் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
*– அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி*

பாதி உண்மை ஐயா. கூகுள் 2020இல் வாங்கிய ஆப்ஷீட், நம் ஊர் ஜோஹோவின் கிரியேட்டர், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் எல்லாமே ஒரு தாளைக் கொடுத்தால் அதிலிருந்து செயலியைக் கட்டித் தருகின்றன. ஆப்ஷீட் முதல் வரியைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். கீழே இருப்பதைப் பார்த்து இது தேதி, இது எண், இது தொலைபேசி என்று ஊகிக்கும். சில நிமிடங்களில் பதிவுப் படிவம் தயாராகிவிடும்.

உங்கள் தாளின் முதல் வரியில் என்ன இருக்கிறது? பல கட்டங்களை ஒன்றாக இணைத்து, ஆலையின் பெயர் பெரிய எழுத்தில். அதற்கு மேலே பிள்ளையார் சுழி. சுழி போட வேண்டியதுதான், தனித் தாளில் போடுங்கள். கணினி இதைப் பார்த்தால் பத்தியின் பெயரே பிள்ளையார் சுழி என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, அதை அழித்துவிடலாம். அடுத்து வருவதுதான் வம்பு. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘வடுவூர் லோடு’ என்று ஒரு வரி. மூட்டைப் பத்தியில் ‘112+3’. மூன்றும் குறைமூட்டை என்று நான் ஊகிக்கிறேன், செயலி ஊகிக்காது. ஈரப்பதப் பத்தியில் ‘18 காயவைத்தது’. தொகைப் பத்தியில் ‘50 கொடுத்தது, பாக்கி பார்க்க’. இவ்வளவுக்கும் முழு வரிக்கும் பச்சை அடித்திருக்கிறது. பச்சை என்றால் பணம் கொடுத்தாயிற்று, மஞ்சள் என்றால் பாக்கி என்று ஓரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாக்கி உள்ள வரி எப்படிப் பச்சையானது? சிவப்பும் சில இடங்களில் இருக்கிறது. அது ஈரம் அதிகம் என்பதா, தகராறு என்பதா என்று எங்கும் குறிப்பில்லை. நிறம் அடித்தவருக்குத் தெரியும், அவர் விடுப்பில் போனால் ஒருவருக்கும் தெரியாது. கூட்டல் சூத்திரம் எண்ணைப் பார்க்குமே தவிர நிறத்தைப் பார்க்காது. ‘நிலை’ என்று ஒரு பத்தி வைத்து ‘பாக்கி, பாதி, முடிந்தது, தகராறு’ என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நிறம் வேண்டுமானால் அந்தச் சொல்லைப் பார்த்துத் தாளே அடித்துக்கொள்ளட்டும்.

இப்போது கோப்பை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். உங்கள் கணக்கில் ஒரு வரி என்பது எது? எடைமேடை ஏறிய ஒரு வண்டி என்பீர்கள். ஒரே வண்டியில் மூன்று பேருடைய நெல் வருவதுண்டா? உண்டு என்றால் வண்டியை ஒரு வரியாக வைக்க முடியாது. வண்டிக்குள் ஒருவருடைய நெல்தான் ஒரு வரி. எடை வண்டிக்கு, ஈரப்பதம் ஆளுக்கு, விலை ரகத்துக்கு என்று பிரிந்துபோகும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. நீங்களும் எடைமேடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரு டீயோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள், சண்டை வரும். அது செயலிக்கு முன்னால் வந்துவிடுவது நல்லது.

அது முடிந்ததும், தரகருக்கு ஒரு தாள் என்பதை ஒழித்துவிடுங்கள். எல்லா வரவும் ஒரே தாளில் போகட்டும், தரகர் பெயர் அதில் ஒரு பத்தி. எந்தத் தரகர் கணக்கு வேண்டுமோ அதை வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பணப் பட்டுவாடா கண்டிப்பாகத் தனித் தாள். ஒரு வண்டி நெல்லுக்கு இரண்டு தவணையில் பணம் போகிறது. சில நாள் இரண்டு வண்டிக்குச் சேர்த்து ஒரே தொகையாகப் போகிறது. வரவு வரியின் ஓரத்திலேயே பணத்தை எழுதுகிற வரை இது ஒத்துப்போகவே போகாது. பாக்கியை யாரும் தட்டச்சு செய்யக் கூடாது. வரவிலிருந்து பட்டுவாடாவைக் கழித்துச் செயலி காட்ட வேண்டிய எண் அது. நிகர எடையும் அப்படித்தான். மொத்த எடை, வெற்று வண்டி எடை, சாக்கு எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் ஆள் பதியட்டும், கழிவைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

ரகத்துக்கு ஒரு பட்டியல் வையுங்கள். உங்கள் பக்கங்களில் சிஆர் 1009 என்பது ஓரிடத்தில் சாவித்திரி, இன்னோரிடத்தில் பொன்மணி, மற்றோரிடத்தில் வெறும் ‘1009’. மூன்றும் ஒரே நெல். ஆண்டு முடிவில் தாள் அதை மூன்று நெல்லாகக் காட்டும். ஈரப்பதத்துக்கு எல்லை கட்டுங்கள். அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீதம் வரம்பு, உங்களிடம் அதற்கு மேலும் வரும். 10க்குக் கீழும் 30க்கு மேலும் போட்டால் ஏற்காதபடி செய்யுங்கள். உங்கள் கோப்பில் ஓரிடத்தில் 81 சதவீதம் என்று பார்த்தேன். 18ஐத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 81 சதவீத ஈரம் உள்ள நெல்லைத் தார்ப்பாயில் அல்ல, குளத்தில்தான் கொட்டி வைத்திருக்க வேண்டும்.

எடைமேடையிலிருந்து பதிவது மட்டும்தான் வேலை என்றால் கூகுள் ஃபார்ம் போதும், காசு கிடையாது. பதிந்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்க, திருத்த, ஆளுக்குத் தக்கபடி சிலதை மறைக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றுக்குப் போங்கள். ஃபார்மிலிருந்து பதில்கள் வந்து விழுகிற தாளில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. கூட்டலும் பிரித்தலும் பக்கத்துத் தாளில் நடக்கட்டும்.

ஆறு வருடப் பழைய கணக்கையும் உள்ளே ஏற்ற ஆசைப்படுவீர்கள். வேண்டாம். ஒவ்வொரு தரகருக்கும் உள்ள நிலுவையை மட்டும் தொடக்க இருப்பாகக் கொண்டுவந்துவிட்டு, பழைய கோப்பைப் பூட்டி வையுங்கள். தொடங்குவதைக் குறுவையில் தொடங்குங்கள். சம்பா வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நிற்கும்போது எடைமேடைக்காரர் கையில் புதுச் செயலியைக் கொடுத்தால், அவர் எடைச்சீட்டின் பின்புறம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்வார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அக்கா, அப்பா வாழைத்தார் மொத்த வியாபாரம் செய்கிறார். நான் படுகைத் தோட்டங்களுக்குப் போய் தார் எண்ணி கூகுள் ஃபார்மில் பதிகிறேன். ஆற்றோரம் சிக்னல் இல்லை. ‘அனுப்பு’ அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு எல்லாம் போய்விடுகிறது. என்ன செய்வது?
*– திருக்காட்டுப்பள்ளி*

தம்பி, கூகுள் ஃபார்ம் இணையம் இருந்தால்தான் வேலை செய்யும். படுகைக்கு அது ஒத்துவராது. கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்றவை இப்படிப்பட்ட இடங்களுக்காகவே செய்யப்பட்டவை. படிவம் முன்கூட்டியே செல்போனில் இறங்கியிருக்கும், பதிந்தது போனிலேயே இருக்கும், கடைத்தெருவுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். ஆப்ஷீட்டும் அப்படிச் செய்யும்.

ஆனால் இணையமில்லாப் பதிவில் மூன்று சிக்கல் உண்டு. முதலாவது வரிசை எண். நீ ஒரு தோட்டத்தில் 41 என்று போடுகிற அதே நேரத்தில் உன் தம்பி இன்னொரு தோட்டத்தில் 41 போடுவான். மாலையில் இரண்டு 41 வந்து நிற்கும். அதனால் அடையாள எண்ணை வரிசையாக வைக்காமல், போனே உருவாக்குகிற கலவையான எழுத்தெண் அடையாளமாக விட்டுவிடு. பார்க்க அசிங்கமாக இருக்கும், மோதாது.

இரண்டாவது நேரம். கூகுள் ஃபார்மில் நேரமுத்திரை என்பது பதிவு போய்ச் சேர்ந்த நேரம். காலையில் எண்ணிய தாரை இரவு அனுப்பினால் இரவு என்றுதான் காட்டும். எந்தச் செயலியானாலும் ‘வெட்டிய தேதி’ என்று தனிக் கேள்வி வை. பூவனும் ரஸ்தாளியும் ஒரு நாள் முன்பின்னாகப் போனால் விலை மாறும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒரே பதிவை இருவர் இணையமில்லாமல் திருத்துவது. ஆப்ஷீட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவர் எழுதியதே நிற்கும், முன்னவர் எழுதியது சத்தமில்லாமல் போய்விடும். களத்தில் இருப்பவர்கள் புதிதாகச் சேர்க்க மட்டும் உரிமை, திருத்துவது அப்பா மட்டும் என்று வைத்துவிடு.

எங்கள் பட்டு ஜவுளி நிறுவனத்தில் நெசவாளர்களின் வங்கிக் கணக்கு எண்களை எக்செலில் தொகுத்தோம். சிலருக்குக் கூலி போகாமல் திரும்பி வந்தது. பார்த்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறியிருக்கிறது. நாங்கள் சரியாகத்தான் அடித்தோம். தேதிகளும் மாறித் தெரிகின்றன. கோப்பில் வைரஸா?
*– கணக்கர், திருபுவனம்*

வைரஸ் இல்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் பூஜ்யம் உள்ள கணக்கு எண்ணில் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் நடுவில் புள்ளி வைத்து, பின்னால் ஆங்கில எழுத்து ஒன்றும் கூட்டல் குறியும் போட்டுச் சுருக்கியும் காட்டும். கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. பிறகு அது ஏன் எண்ணாக இருக்க வேண்டும்? அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘உரை’ என்று மாற்றுங்கள். போன இலக்கம் போனதுதான், இப்போது மாற்றினால் திரும்பாது. அந்த நெசவாளர்களிடம் பாஸ்புக்கை மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். செயலியிலிருந்து காற்புள்ளிக் கோப்பாக (சிஎஸ்வி) இறக்கி, அதை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால், செயலிக்குள் நன்றாக இருந்த எண்ணும் அங்கே கெட்டுப்போகும். அதைச் சேமித்து மீண்டும் ஏற்றினால் முடிந்தது கதை. ‘தரவு’ பட்டியலில் உள்ள இறக்குமதி வழியாகத் திறந்து, பத்தியை உரை என்று சொல்லிவிட்டு உள்ளே விடுங்கள்.

புதுப் படிவத்தில் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்டு, இரண்டும் ஒத்தால் மட்டும் ஏற்கச் செய்யுங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து: முதல் நான்கு ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த ஐந்தாவது இடத்தில்தான் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிடுகிறார்கள். ஐந்தாவது பூஜ்யமில்லையென்றால் ஏற்காதே என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும்.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் கணினியின் அமெரிக்க அமைப்பு. அது மாதத்தை முதலில் படிக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் 12/06ஐ டிசம்பர் 6 என்று வைத்துக்கொள்ளும். மறுநாள் 13/06 அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து. பிறகு வரிசைப்படுத்தினால் எப்படி வரும்? படிவத்தில் தேதியை அடிக்க விடாதீர்கள். நாட்காட்டியைத் திறந்து தொட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.

எக்செலில் எத்தனை வரி வரை எழுதலாம்? பாத்திரக் கடையின் விற்பனை முழுவதையும் ஒரே தாளில் வைத்தால் நிரம்பிவிடுமா?
*– கும்பகோணம்*

2007 பதிப்பு முதல் 10,48,576 வரி. உங்கள் கடைக்கு நிரம்பாது. ஆனால் கோப்பின் பழைய வடிவத்தில் (.xls) 65,536 வரிதான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவத்தில் வாங்கி, வரி நிரம்பியதும் மிச்சம் வெட்டுப்பட்டு, 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை சில நாள் தள்ளிப்போயிற்று. கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் கவலை வேண்டாம்.

உரக்கடை வைத்திருக்கிறேன். விவசாயிகளின் பெயர், ஊர், நிலப்பரப்பு, ஆதார் எண், போன் எண் எல்லாம் படிவத்தில் வாங்குகிறேன். நிலப்பரப்பைக் கூட்டினால் ஊரின் பரப்பைவிட அதிகமாக வருகிறது! பழைய தமிழ்ப் பட்டியலை இணையத்தில் ஏற்றினால் ஆங்கில எழுத்துகளாகக் கொத்துக் கொத்தாக வருகிறது.
*– திருத்துறைப்பூண்டி*

நிலப்பரப்பில் நடந்தது எளிது. நம் பக்கத்தில் பாதிப் பேர் மாவில் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, அது ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. ‘எவ்வளவு நிலம்?’ என்று கேட்டால் ஒருவர் ‘3’ என்பார். அவர் மனத்தில் மூன்று மா, உங்கள் தாளில் மூன்று ஏக்கர். உரமும் மூன்று மடங்கு கணக்காகும். கேள்வியை இரண்டாக உடையுங்கள்: அளவு ஒன்று, அலகு ஒன்று. அலகில் குழி, மா, வேலி, சென்ட், ஏக்கர் என்று பட்டியல். எல்லாவற்றையும் சென்ட்டாக மாற்றுவது செயலியின் வேலை. விவசாயியிடம் ‘ஏக்கரில் சொல்லுங்கள்’ என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் மனக்கணக்குப் போட்டுத் தோராயமாகச் சொல்வார், அதுவும் பிழையாகும்.

எழுத்துச் சிக்கலுக்குக் காரணம் பழைய பட்டியல் ‘வானவில்’ என்ற பெயருள்ளதைப் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டிருப்பது. உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டியது. எழுத்துருமாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மாற்றிய பிறகு கொம்பு, ஒற்று வருகிற பெயர்களை ஒரு பார்வை பாருங்கள், அங்கேதான் இடறும்.

ஆதார் எண் எதற்கு? மானிய உரத்துக்கான ஆதார் சரிபார்ப்பு விற்பனைக் கருவியிலேயே நடந்துவிடுகிறது. உங்கள் தாளில் அது தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்கு வாங்குகிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும் ஒப்புதலோடு வாங்கச் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், நாளைக்கு அந்தத் தாளின் இணைப்பை யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் ஊர் முழுவதும் ஆதார் எண் சுற்றும். அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள்.

குத்துவிளக்குப் பட்டறை. ஆறு பேர் வேலை செய்கிறோம். நாங்களும் செயலிக்கு மாற வேண்டுமா?
*– நாச்சியார்கோவில்*

வேண்டாம். ஆறு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள், ஆர்டர் நோட்டு சுவரில் தொங்குகிறது. பித்தளை வாங்கிய ரசீதுகளை ஒழுங்காகக் கோத்து வையுங்கள், அது போதும். வெளியூர் ஆர்டர் வந்து அலைக்கழிக்கும் காலத்தில் மறுபடி எழுதுங்கள்.

எங்கள் கடைக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் கூகுள் ஷீட்டும் ஃபார்மும் வைத்து அருமையாகச் செயலி செய்து கொடுத்தான். இரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது. இப்போது அவன் வேலைக்கு வெளிநாடு போகிறான். ஏதாவது கேட்டு வைக்க வேண்டுமா?
*– மயிலாடுதுறை*

எல்லாம் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அவனுடையதில்தான் இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். கடைப் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, அதன் கடவுச்சொல்லை நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘பகிர்ந்துவிட்டேன் மாமா, நீங்கள் திருத்தலாம்’ என்பான். அது போதாது, திருத்தும் உரிமை வேறு, உரிமையாளர் வேறு. ஷீட்டை மாற்றினால் ஃபார்ம் கூடவே வராது, அதைத் தனியாக மாற்ற வேண்டும். ஆப்ஷீட் வைத்திருந்தால் அதையும் தனியாக. ஒவ்வொன்றுக்கும் கடைக் கணக்கிலிருந்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியும் ஆக வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பது 2023இல் வந்த விதி. அங்கே போய் அவன் வேறு மின்னஞ்சலுக்கு மாறிக்கொண்டால் உங்கள் பற்று வரவு என்னாகும் என்று யோசியுங்கள். விமானம் ஏறுவதற்கு முன் அவனைக் கடைக்கு வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து மாற்றி வாங்கிவிடுங்கள். சூத்திரங்கள் எந்தத் தாளில் இருக்கின்றன என்பதையும் ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதி வாங்குங்கள்.